பிசாசு சபைக்கு விதி எழுதியவன்

நைனா,

ஏழு அடுக்கு நரகத்துக்கும் ஏக ஸ்தபதியும், மூவாயிரம் பிசாசுகளுக்கு ஞானத் தகப்பனும், நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் பம்ப் ஓட்டுகிறவனுமாகிய உன் அப்பன் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். உனக்காக அவள் அரைத்து வைத்திருக்கும் மிளகாய்த்தூளைக் கடலில் கொட்டினால் கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரைக்கும் மீனெல்லாம் தும்மிக்கொண்டு கரையேறிவிடும். விமானத்தில் கொண்டுபோகும் பெட்டியின் எடையைப் பற்றி நீ ஐந்து முறை சொல்லிவிட்டாய். அவள் காதில் விழவில்லை.

போன வாரம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நான் பதினேழாயிரம் தடவை கேட்டிருப்பேன். "அப்பா, அயர்லாந்துல நாலு பேரை இப்பவே புடிச்சி வெச்சிகீறேன். போன உடனே நம்ம பிசாசு அரசியல் கதையை அவங்களுக்கு நடத்தப்போறேன். நீ விதி எழுதி வெச்ச நரக நோட்டை அம்மாகிட்ட குடுத்தனுப்பு. அத்த வுட முக்கியம், நீ அதை எப்டி கட்டுனன்னு எழுதிக் குடு. நான் எத்தினியோ பேருகூட ஆடிட்டேன்ப்பா, உன்னை மாதிரி ஒருத்தனுக்கும் வரல." கேட்க நன்றாக இருந்தது. முதல் இருநூறு தடவை நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் 'எப்டி கட்டுனன்னு' என்ற இடம் வந்ததும் போனை அணைத்தேன். எப்படிக் கட்டினேன் என்று ஒழுங்காக எழுதினால், எதை வைத்துக் கட்டினேன் என்பதையும் எழுத வேண்டியிருக்கும். ஆகவே இதைக் கூரியரில் உன் பெங்களூர் விலாசத்துக்கு அனுப்புகிறேன். திங்கட்கிழமை நீ அங்கிருந்து நேராக மீனம்பாக்கம் வருவதற்குள் படித்துவிடு.

முதலில் நல்ல பகுதியைச் சொல்கிறேன். நீ காலேஜ் கடைசி வருஷம் படிக்கும்போது இந்த விளையாட்டைக் கொண்டுவந்தாய். உன் கூட்டாளிகள் இஸ்மாயிலும் எஸ்தரும் கூட இருந்தார்கள். கோவளத்திலிருந்து பைக்கில் வந்த இஸ்மாயில் எனக்கு விளக்கினான்: "அங்கிள், ஒருத்தரு கதை சொல்லுவாரு. மீதிப் பேரு கதைக்குள்ள ஆளுங்களா பூந்துக்குவோம். யாரு இன்னா பண்றதுன்னு நாங்களே சொல்லுவோம், நடக்குதா இல்லியான்னு பகடை சொல்லும்." நான் கேட்டேன்: "ஜெயிக்கிறது யாரு?" அவன் சொன்னான்: "யாரும் இல்ல அங்கிள். கதைதான் போய்கினே இருக்கும்." அந்த நிமிஷமே கதை சொல்கிறவன் நாற்காலியில் நான் உட்கார்ந்துவிட்டேன். அதிலிருந்து என்னை எழுப்ப ஏழு தேவதூதர்கள் வந்திருந்தாலும் முடிந்திருக்காது. உன் பிளாஸ்டிக் பகடை என் கௌரவத்துக்கு இழுக்கு என்று, மாமல்லபுரத்தில் சிலை செதுக்கும் ஒருவரிடம் சொல்லி இருபது பக்கம் வைத்த கருங்கல் பகடை வாங்கி வந்தேன். அதை முதல் முறை உருட்டியபோது ஹாலில் ஒரு டைல்ஸ் உடைந்தது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. பதினெட்டு விழுந்தது.

நீங்கள் மூன்று பேரும் டிராகனைக் கொல்ல வேண்டும் என்றீர்கள். டிராகனை நான் எங்கே போய்ப் பார்த்தேன்? எனக்குத் தெரிந்ததைக் கட்டினேன். கொள்ளிக்கோட்டை என்று ஒரு தலைநகரம், அதில் ஒரு மகாசபை, அதில் கோட்டு போட்ட பிசாசுகள். தீ, சூலம், எண்ணெய்க் கொப்பரை எல்லாம் கீழ் அடுக்கில் யாரோ கடைநிலை ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள். மேல் அடுக்கில் மனு, ஆட்சேபணை, உபகமிட்டி, தேநீர். நீ, ஒப்பந்தம் எழுதும் பிசாசு உறுமி. இஸ்மாயில், வாங்கடா என்று பெயர் வைத்த வாசல் காக்கும் பிசாசு. எஸ்தர், நீறுபூத்தான் என்ற கிழட்டுப் பிரபுவின் அந்தரங்கச் செயலாளர் கருங்குழலி.

அயர்லாந்துக்காரர்களுக்கு நீ முதலில் சொல்ல வேண்டிய விதி, பிசாசு பொய் சொல்லக்கூடாது. சபைக்குள் பொய் சொன்னால் நாக்கு சாம்பலாகிவிடும் என்று வைத்தேன். இஸ்மாயில் குதித்தான். "இன்னா அங்கிள், பொய் சொல்லாம எப்டி அரசியல் பண்றது, பேஜாரா கீது!" பொய்யை எடுத்துவிட்டால்தானடா அரசியல் ஆரம்பிக்கும் என்றேன். எதைச் சொல்லாமல் விடுவது, யார் முன்னால் கேட்பது, எந்தக் கேள்வியை எந்த நேரத்தில் வைப்பது, அவ்வளவுதான் மிச்சம் இருக்கும். மூன்று வாரத்தில் நீங்கள் மூன்று பேரும் எவ்வளவு தேறிவிட்டீர்கள்! உறுமி ஒரு வார்த்தைகூடப் பொய் பேசாமல் இரண்டு மந்திரிகளைப் பதவியிலிருந்து இறக்கினான். பெருமையில் எனக்கு மார்பு ஈசிஆர் ரோடு அகலத்துக்கு விரிந்தது.

அடுத்தது, சண்டைக்குரிய நாற்காலி சின்னதாக இருக்கட்டும். உலகத்தை ஆளும் கிரீடத்துக்காக அடித்துக்கொள்ளும் பிசாசை மேஜையில் உட்கார்ந்திருப்பவன் நம்ப மாட்டான். ஆவணக் காப்பறையின் சாவிக்காக அடித்துக்கொள்ளும் பிசாசை ஒவ்வொருவனும் நேரில் பார்த்திருப்பான். இதை நான் எங்கே படித்தேன் என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய். நம் ஆலயத்துச் சபைக் கமிட்டியில் படித்தேன். செயலாளர் பதவிக்கு என்ன உண்டு? ஒரு பீரோ சாவி, கைவைத்த மர நாற்காலி, கிறிஸ்துமஸ் அன்று மைக்கில் இரண்டு நிமிஷம். அதற்காக ஜெபம் செய்துகொண்டே ஒருவன் கழுத்தை ஒருவன் அறுப்பதை இருபது வருஷம் பார்த்திருக்கிறேன். கொள்ளிக்கோட்டை மகாசபையில் நீ ரசித்துச் சிரித்த ஒவ்வொரு பிசாசும் ஞாயிற்றுக்கிழமை காலை உன் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடியவர்தான்.

எனக்கும் அந்த நாற்காலி வேண்டியிருந்தது. என் அப்பா அச்சரப்பாக்கத்துப் பக்கம் பிறத்தியார் நிலத்தில் உழைத்தவர். ஆயுசு முழுக்க எந்த வீட்டிலும் அவருக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. இதைக் காரணமாகச் சொல்லித்தான் என் மனசை நான் சமாதானம் செய்துவைத்தேன். பன்னிரண்டு வருஷமாகச் செயலாளராக இருந்தவர் எஸ்தரின் அப்பா ஞானமணி சார். ஆனால் அவருடைய தகப்பனாரும் அதே வரப்பில்தான் நின்றார். உனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவரும் ஞானமணி சார்தான். அதனால் இந்தக் காரணத்தை நீயும் ஏற்றுக்கொள்ளாதே.

இப்போது மறைசீட்டு. ஒவ்வொரு ஆட்டக்காரரும் தன் பிசாசு மறைக்கும் ஒரே ஒரு விஷயத்தை எழுதி, ஆலயத்துக் காணிக்கைக் கவரில் போட்டு ஒட்டி, கதை சொல்கிறவனிடம் மட்டும் தர வேண்டும் என்று வைத்தேன். அடுத்தவர் சீட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். கதையின் எஞ்சினே அதுதான். ஆனால் பிள்ளைகள் எழுதும் பொய்க்கதைக்குள் நிஜம் எப்படியும் கசிந்துவிடும். இஸ்மாயில் தன் வாசல் பிசாசுக்கு இருட்டென்றால் பயம் என்று எழுதியிருந்தான். உன் உறுமி, தன் எஜமானைப் போல ஆக வேண்டும் என்று ரகசியமாக ஆசைப்படுவதாக நீ எழுதியிருந்தாய். எஸ்தர் எழுதியதை நான் இன்றைக்கும் பார்க்காமல் சொல்வேன்:

"என் பிரபுவுக்குக் கண் மங்கிவிட்டது. சபையில் அவர் வாசிப்பதெல்லாம் முந்தின நாள் நான் படித்துச் சொல்லி அவர் மனப்பாடம் செய்தது. தெரிந்தால் நாற்காலி போய்விடும். நாற்காலி போனால் அவர் அதிக நாள் இருக்க மாட்டார்."

படித்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தை ஞானமணி சார் ஏன் திறக்காமலே பாடுகிறார், அறிக்கை வாசிக்கும்போது ஏன் பக்கத்தைத் திருப்ப மறந்துவிடுகிறார் என்பதெல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. அந்தப் பெண் இதை உன்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளப் பேசி வைத்திருந்ததும் தெரியாது. தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று நான்கு வருஷமாக என்னை நானே கேட்கிறேன். நிறுத்தியிருப்பேன் என்று சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

அந்த வருஷத்து ஆலயப் பொதுக்கூட்டத்தில் நீயும் இருந்தாய். ஆனால் நீ பார்த்தது வேறு, நடந்தது வேறு. ஞானமணி சார் ஆண்டறிக்கையைக் கணீரென்று வாசித்து முடித்தார். கைதட்டினார்கள். நான் எழுந்தேன். "சார், ஒரு சின்னத் திருத்தம். இதையும் ஒருமுறை வாசிச்சிட்டீங்கன்னா ஓட்டுக்குப் போயிரலாம்" என்று அன்று காலை நானே எழுதிய ஒரு தாளை அவர் கையில் கொடுத்தேன். தாளில் விஷமம் எதுவும் இல்லை. ஆலயத்துக்கு வெள்ளையடிப்பது பற்றி நாலு வரி. அவர் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கண்ணாடி வூட்லயே வெச்சிட்டேன்" என்றார். நான் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள்; நீ ஏன் சிரிக்கவில்லை என்று அன்று எனக்குப் புரியவில்லை. நான் என் கண்ணாடியைக் கழற்றி, ராஜாவுக்கு வாள் கொடுப்பதுபோல ஒரு முழங்காலில் நின்று நீட்டினேன். "இந்தாங்க சார், அடியேனோடது. இத போட்டா பரலோகமே தெரியும்."

அவர் அதை வாங்கிப் போட்டுக்கொண்டார். தாளைப் பார்த்தார். பிறகு, போன வருஷத்துக் கூட்ட நடவடிக்கையைத் தலைப்பிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் கொடுத்த தாள் அதுவாகத்தான் இருக்கும் என்று அவராக ஊகித்துக்கொண்டார் போலும். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. மூன்று வரி போவதற்குள் பின்னாலிருந்து ஒருவன், "சார், அது போன வருஷத்துது" என்றான். அவர் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு வரி சொன்னார். எஸ்தர் எழுந்து வந்து அவர் கையிலிருந்து தாளை எடுத்து வெள்ளையடிக்கும் நாலு வரியையும் படித்து முடித்தாள். என் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அப்பாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். செயலாளர் ஓட்டெடுப்பில் நான் ஜெயித்தேன். நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை, பார்த்தாயா? என் நாக்கு சாம்பலாகவில்லை.

அதற்குப் பிறகு அவள் உன்னோடு பேசவில்லை. நீ போன் செய்தால் எடுக்கவில்லை. ஆட்டமும் நின்றது. ஒரு மாதம் கழித்து நீ சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாய். காதலித்ததைச் சொன்னாய், கண் விஷயத்தை அவள் உன்னிடம் மட்டும் சொல்லியிருந்ததைச் சொன்னாய். "நான்தான் வெளிய சொல்லிட்டேன்னு நெனைக்கிறாப்பா. சத்தியமா நான் யாருகிட்டயும் சொல்லல. நீயாவது நம்புறியா?" என்று கேட்டாய். இருபத்திரண்டு வயசு ஆம்பிளை, மூக்கு ஒழுக அழுதாய். நான் உன் தோளைத் தட்டி, "நம்புறேன் நைனா" என்றேன். நீ சொன்னது உண்மை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று அன்று நினைத்துக்கொண்டேன். எனக்கு நீ நன்றி சொன்னாய்.

அந்த நாற்காலியில் நான்கு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். சொகுசு என்று சொல்ல ஒன்றுமில்லை. பீரோவுக்குள் பழைய ரசீதுகளும் ஒரு செத்த பல்லியும் இருந்தன. ஞானமணி சார் அன்றிலிருந்து ஆலயத்துக்கு வருவதில்லை.

உன் வாய்ஸ் மெசேஜ் வந்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டியை உட்காரவைத்தேன். ஞானமணி சாருக்குக் கண் தெரியாது என்று தெரிந்தே அன்றைக்குத் தாளைக் கொடுத்தேன், பதவியிலிருந்து விலகுகிறேன் என்று சொன்னேன். எஸ்தர் பெயரை இழுக்கவில்லை. பிறகு பொருளாளர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"அண்ணாத்த, இன்னா பிளானு? மேலிடத்துல பெரிய போஸ்ட்டு எதுனா பாத்துகினியா?"

"இல்லப்பா. பண்ணது தப்பு. அதான்."

"சரி சரி, எங்களுக்கு மட்டும் சொல்லு. அனுதாப ஓட்டா?"

இன்னொருவர், "சூப்பர் மூவ்" என்று என் கையைக் குலுக்கினார். என் ராஜினாமாவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். நான் கட்டிய நரகத்தில்கூட ஒரு பிசாசு உண்மையைச் சொன்னால் மற்ற பிசாசுகள் நம்புவார்கள், நைனா. அந்த ஒரு விதி இல்லாமல் கதை நகராது என்று நினைத்தேன். நகர்கிறது.

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்ததும் ஞானமணி சார் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அவர் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றும்போது நான் தொண்டையைச் செருமினேன், அவ்வளவுதான். "செயலாளர் ஐயாவா? எஸ்தர், நாற்காலி போடும்மா" என்றார். அவர் குரலில் குத்தல் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். தண்ணீர் ஆலையில் வேலை எப்படி, உனக்கு விசா வந்ததா என்று கேட்டார். அவர் முன்னால் உட்கார்ந்து, நான் சொல்ல வந்ததை மூன்று வாக்கியத்தில் சொன்னேன். வாழ்க்கையில் நான் பேசியதிலேயே அலங்காரம் இல்லாத மூன்று வாக்கியம். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "அன்னிக்கி அந்தத் தாள்ல இன்னா எழுதியிருந்துச்சி?" என்று மட்டும் கேட்டார். வெள்ளையடிப்பது பற்றி என்றேன். "ஓ" என்றார்.

எஸ்தர் பஸ் நிறுத்தம் வரை என்னோடு நடந்து வந்தாள். நான் ஆரம்பித்தேன்: "எம்மா, அவன் யாருகிட்டயும் சொல்லல. அந்தச் சீட்டைப் படிச்சி நான்தான்..."

"தெரியும் அங்கிள்."

"எப்பலேர்ந்து?"

"அன்னிலேர்ந்தே. சீட்டை எழுதி உங்க கையிலதான குடுத்தேன். அது எனக்கு மறந்துடுமா?"

உலகத்திலேயே பெரிய தந்திரக்காரன் என்று நான்கு வருஷமாக என்னை நினைத்துக்கொண்டிருந்தேன், நைனா. அந்தப் பெண்ணுக்கு இருபத்தொரு வயதிலேயே எல்லாம் தெரிந்திருக்கிறது.

"அப்ப ஏம்மா அவன்கிட்ட பேசல? அவன்மேல தப்பில்லன்னு தெரிஞ்சும்?"

"பேசுனா இன்னான்னு பேசறது? உங்க அப்பாதான் பண்ணாருன்னு சொல்லணும். இல்லன்னா ஒண்ணும் தெரியாத மாதிரி உங்க வூட்டுக்கு மருமவளா வந்து உங்களுக்கு டீ போட்டுக் குடுத்துகினு இருக்கணும். ரெண்டும் என்னால முடியல." பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள். "அவனுக்கு நீங்கன்னா உசுரு அங்கிள். என்னை வேணா கெட்டவளா நெனச்சிக்கட்டும், அவனுக்கு அப்பனாவது மிஞ்சட்டும்னு வுட்டுட்டேன்."

இப்போது அவனிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லுங்க. எனக்காக சொல்றேன்னு மட்டும் எழுதாதீங்க. அவனை என்னை வந்து பாருன்னும் சொல்லாதீங்க. அச்சரப்பாக்கத்துல ஸ்கூல் வேலை கெடச்சிருக்கு, அடுத்த மாசம் அப்பாவ கூட்டிகினு போறேன். அது அப்டியே போவட்டும்." பஸ் வந்தது. "ஏறுங்க அங்கிள், இத வுட்டா அரை மணி நேரம் ஆவும்" என்றாள். ஏறிவிட்டேன்.

ஆகவே அவளைத் தேடிப் போ என்று நான் எழுதவில்லை. அந்த உரிமை எனக்கு இல்லை. உனக்கு இருக்கிறதா என்று நீதான் பார்க்க வேண்டும். நோட்டு அம்மாவிடம் இருக்கிறது, மிளகாய்த்தூளோடு வரும். மறைசீட்டு விதியை அதில் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். உன் நண்பர்கள் தங்கள் ரகசியங்களைத் தாங்களே வைத்துக்கொள்ளட்டும். எந்தக் கதைசொல்லியின் கையிலும் கொடுக்க வேண்டாம், உன் கையிலும்தான். கதை கொஞ்சம் நொண்டும். நொண்டட்டும்.

இதை ஒட்டுவதற்கு முன்னால் அம்மாவைப் படிக்கச் சொன்னேன். சமையலறையில் நின்றபடியே படித்தாள். முடித்ததும், "நீ ஏர்போர்ட்டுக்கு வர வேணாம். நான் தனியா போயிக்கிறேன்" என்றாள். அவள் சொல்வது சரி. என்னை அங்கே பார்த்தால், பத்துப் பேர் முன்னால் என் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்க வேண்டுமா, முகத்தைத் திருப்ப வேண்டுமா என்று நீ தீர்மானிக்க வேண்டியிருக்கும். திங்கட்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். நீ விமானம் ஏறும் நேரத்தில் நான் பம்ப் அருகில் நிற்பேன். அந்த இரைச்சலில் போன் அடித்தால் கேட்காது. அதனால் நீ கூப்பிடவில்லையா, கூப்பிட்டும் எனக்குக் கேட்கவில்லையா என்று வேலை முடிந்து வெளியே வந்து பார்க்கும் வரைக்கும் எனக்குத் தெரியாது. ஷிப்ட் மாற்றித் தரட்டுமா என்று மேற்பார்வையாளர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன்.

அப்பா